பழைய புரதம் எது, புதுப் புரதம் எது? பாசிக் கலத்த கேட்டுப் பார்ப்போம்

ஹட்டன்ல ஏ.எல். பயோ படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டுச்சு, "கலத்துக்குள்ள புதுசு புதுசா புரதம் உருவாகுதுன்னு படிக்கிறோம், ஆனா பழசு ஏற்கனவே நிறைய கிடக்குமே, இப்ப உருவானது எதுன்னு எப்படிங்க பிரிச்சாங்க?" ரொம்ப நல்ல கேள்வி.

கதிர் வீசுற காபன்-14ஐ குளோரெல்லா பாசிக்குக் குடுத்து, அந்தக் கதிர் எங்கெங்க போகுதுன்னு பார்த்து கால்வின், பென்சன், பாஷம் மூணு பேரும் ஒளித்தொகுப்போட பாதைய பிடிச்ச கதை ஒண்ணு இருக்கு, கால்வினுக்கு 1961ல நோபல் பரிசும் கிடைச்சுது. புரதத்துக்கும் அதே வழிதான், கிளாமிடோமோனாஸ்னு ஒரு பச்சைப் பாசி, அதுக்கு கதிர் வீசுற கந்தகம்-35 உள்ள சல்பேற்று குடுத்தா அதுவே அத வச்சு சிஸ்டீன், மெதியோனின்னு கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள செஞ்சு புரதத்துல கோர்த்துடும், முன்னாடியே இருந்த பழைய புரதத்துல அந்தக் கதிர் இருக்காது.

ஆனா உள்ள போன கந்தகம் எல்லாமே புரதமாகிடாதே, சும்மா கரைஞ்சு கிடக்குறதும் கதிர எண்ணுற கருவியில எண்ணிக்கையா வந்துடும். இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. சில நிமிசத்துக்கு ஒருக்கா கொஞ்சம் பாசிய எடுத்து ஐஸ் மாதிரி குளிர்ந்த ட்ரைகுளோரோஅசிற்றிக் அமிலத்துல போடுவாங்க, போட்ட உடனே கலம் செத்துடும், பெரிய மூலக்கூறுகள் திரண்டு அடியில படியும், சின்னதெல்லாம் கரைசல்லயே நிக்கும். வடிதாள்ல ஊத்தி கழுவினா சின்னது போயிடும், புரதம் தாள்லயே தங்கிடும். அப்புறம் அற்ககோல்ல கழுவணும், ஏன்னா பாசியோட கொழுப்புலயும் கொஞ்சம் கந்தகம் ஏறியிருக்கும், அதோட, கதிர ஒளியா மாத்தித்தான் கருவி எண்ணும், பச்சையம் இருந்தா அந்த ஒளிய அது குடிச்சிடும். பச்சை இறங்கி தாள் வெளுத்ததும் எண்ணலாம், நேரம் போகப் போக எண்ணிக்கை ஏறுதுன்னா அந்த ஏற்றம் அவ்வளவும் இப்ப உருவான புரதம்!

கதிர்த்தொழிற்பாடுன்னாலே பயப்படுறாங்க, முறையா கையாண்டா இந்த அளவுக்குப் பயம் தேவையில்ல. மலையகத்துல ஏ.எல். விஞ்ஞானம் இருக்குற தமிழ்ப் பாடசாலைகளே குறைவு, ஆய்வுகூடத்துக்கு காசு ஒதுக்காம பிள்ளைங்க விஞ்ஞானம் படிக்கலன்னு சொல்றது நியாயமே இல்ல.

இதே மாதிரி புதுசா உருவாகுற டி.என்.ஏய எண்ண, அதோட கட்டுக்கல்லுல ஒண்ணான தைமிடின கதிரோட குடுக்கலாமேன்னு தோணும். கிளாமிடோமோனாஸ்ல அது பச்சையவுருமணியோட (ஒளித்தொகுப்பு நடக்குற இடம்) டி.என்.ஏக்குள்ள மட்டும்தான் போகும், அத பிடிச்சு மாத்துற நொதியம் அங்கதான் இருக்கு, இது தெரியாம எண்ணினா கலத்தோட கருவுல டி.என்.ஏயே உருவாகலன்னு முடிவு எடுத்துடுவோம். அதனால கருவோடதும் வேணும்னா கதிர் வீசுற பொசுபரசு-32 குடுப்பாங்க, அது ஆர்.என்.ஏலயும் ஏறும், அந்த ஆர்.என்.ஏய காரத்துல உடைச்சு கழுவி எடுத்துட்டா டி.என்.ஏ மிஞ்சும், ஆனா 14 நாள்ல அந்தப் பொசுபரசோட கதிர் பாதியாகிடும், சாமான் வந்த உடனேயே வேலைய ஆரம்பிக்கணும்.