ஒரு வரியை மட்டும் படித்தால் பில்கே ககான் புரியமாட்டார்

கல்வெட்டு வாசிப்புப் பயிற்சி வகுப்புகளில், சமூக ஊடகத்தில் பரவும் ஏதேனும் ஒரு வரியைக் கைப்பேசியில் காட்டி, "இது உண்மையா ஐயா?" என்று கேட்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில், எட்டாம் நூற்றாண்டில் அங்கு ஆண்ட நாடோடித் துருக்கியர் விட்டுச்சென்ற கல்வெட்டின் வரி ஒன்றும் அப்படி வந்தது. சீனரின் இனிய சொல்லுக்கும் மென்பட்டுக்கும் மயங்கித் துருக்கியர் பலர் மாண்டனர் என்பது அதன் பொருள். வரி மெய்யானதுதான். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு, அதைப் பொறித்த அரசர் சீனத்தின் தீராப் பகைவர் என்று முடிவுகட்டுவது பெரும் பிழை.

அவர் பில்கே ககான்; ககான் என்பது துருக்கியப் பேரரசரின் பட்டம். 716இல் சிற்றப்பன் கபகன் ககான் கொல்லப்பட்டதும், தம்பி குல் தெகின் கபகனின் மகனை வீழ்த்திவிட்டு அண்ணனை அரியணையில் அமர்த்தினார். மதில் சூழ்ந்த நகரையும் புத்த, தாவோ கோயில்களையும் கட்ட பில்கே விரும்பியபோது, மாமனார் தொன்யுகுக் தடுத்ததாக, அன்று சீனத்தை ஆண்ட தாங் அரசின் வரலாற்றேடுகள் கூறுகின்றன. மக்கள்தொகையில் தாங் நாட்டின் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத துருக்கியருக்கு, நீரையும் புல்லையும் தேடி இடம்பெயர்வதே வலிமை என்பது அவர் வாதம். பில்கே அதை ஏற்றார். 720இல் தாங் அரசோடு மோதல் மூண்டாலும், விரைவிலேயே அவர் சமாதானத்தை நாடினார். 727இல் தாங் நாட்டின்மீது சேர்ந்து படையெடுக்கலாம் என்று திபெத்தியர் எழுதிய கடிதத்தைப் தாங் பேரரசர் சுவான்சோங்கிடமே அனுப்பிவைத்தார். எல்லையில் குதிரைக்குப் பட்டு மாற்றும் சந்தைக்கு இசைவும் பெற்றார்.

731இல் குல் தெகின் இறந்தார். அவருக்காக 732இல் எழுப்பிய கல்லில்தான் அந்த எச்சரிக்கை இருக்கிறது. அதே பகுதியைத் தொடர்ந்து படிப்பவருக்கு, துருக்கியரின் தாயகமான ஓத்துக்கேன் மண்ணில் அமர்ந்தபடி வணிகக் கூட்டங்களை அனுப்பிக்கொண்டிருந்தால் உனக்குத் துயரமே இல்லை என்று பில்கே தம் மக்களிடம் சொல்வது தெரியும். அவர் அஞ்சியது பட்டை அன்று, பட்டுக்காகச் சீன எல்லையை ஒட்டிப்போய்க் குடியேறுவதை. இன்னும் சற்று தள்ளி, கல்லை அணிசெய்யச் சீனப் பேரரசர் தம் அரண்மனைக் கலைஞர்களை அனுப்பியதையும் அவரே பெருமையோடு கூறுகிறார். கல்லின் மேற்கு முகத்தில் சுவான்சோங்கின் இரங்கலுரை சீன எழுத்தில் இருக்கிறது. எச்சரிக்கையும் நட்பும் ஒரே கல்லில் அடுத்தடுத்த முகங்களில் நிற்கின்றன. 1893இல் டென்மார்க் மொழியியலாளர் வில்ஹெல்ம் தாம்சன் துருக்கிய எழுத்தின் புதிரை அவிழ்க்கத் துணைநின்றவற்றுள் அந்தச் சீன முகமும் ஒன்று.

ஆகவே ஒரு கல்வெட்டு வரியைப் பகிருமுன், அதன் முன்பின் வரிகளையும் மற்ற முகங்களையும் கேட்டு வாங்கிப் படியுங்கள் என்று மாணவர்களிடம் மன்றாடிச் சொல்கிறேன். நம் மெய்க்கீர்த்திகளைப் போலவே இதுவும் அரசரின் புகழ் பாடும் எழுத்து. இரவில் உறங்கவில்லை, பகலில் அமரவில்லை என்று அவர் சொல்வதை அந்த மரபறிந்தே படிக்க வேண்டும். கல் விட்டுவிடும் செய்திகளும் உண்டு. 734இல் பில்கேயின் சொந்த அமைச்சர் ஒருவரே அவருக்கு நஞ்சிட்டார் என்பது தாங் ஏடுகளின் பதிவு. மறு ஆண்டு மகன் எழுப்பிய நினைவுக்கல்லோ, நாய் ஆண்டின் பத்தாம் மாதம் 26ஆம் நாள் ககான் "பறந்து போனார்", அதாவது இறந்தார், என்கிறது.