டெமோவில் எல்லாமே ஓடும்

"ஆர்டர் ஸ்டேட்டஸ் ஃபைனல் நியூ 3". திருப்பூரில் நான் போகிற கம்பெனிகளில் பாதிக்கு மேல் இந்தப் பெயரிலோ, இதற்குப் பங்காளி முறை வரும் ஒரு பெயரிலோ ஒரு எக்ஸல் ஃபைல் இருக்கும். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கம்ப்யூட்டரில் ஒன்று, ஃபேப்ரிக் மேனேஜரிடம் ஒன்று, முதலாளியின் வாட்ஸாப்பில் போன செவ்வாய்க்கிழமை வந்த ஒன்று. டையிங்கிலிருந்து திரும்பி வந்த துணியின் எடை மூன்றிலும் வேறு வேறாக இருக்கும். எது சரி என்று கேட்டால் மூன்று பேரும் சேர்ந்து சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான் எழுதும் பழைய டி.சி. புத்தகத்தைத் தேடப் போவார்கள்.

இந்த நிலைமையில்தான் என்னைக் கூப்பிடுவார்கள். சின்ன, நடுத்தரக் கம்பெனிகளுக்கு இணையத்தில் ஓடும் டேட்டாபேஸ் ஆப் அமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. புரோகிராம் எழுதத் தெரியாதவரே ஃபார்ம், ரிப்போர்ட் எல்லாம் செய்துகொள்ளலாம் என்று சொல்லி விற்கப்படும் தளங்கள் இவை. ஸோகோ கிரியேட்டர், ஆப்ஷீட், ஏர்டேபிள், பவர் ஆப்ஸ் என்று நான்கிலும் வேலை செய்திருக்கிறேன், நான்கிலும் தப்பும் செய்திருக்கிறேன்.

போன வருடம் ஒரு முதலாளி கேட்டார்: "ஏனுங் தம்பி, இதுல எது நல்லதுன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க. வாங்கிப் போட்டுட்டு வேலையைப் பாக்கலாம்."

"அண்ணா, உங்க டி.சி. புக்கைக் கொஞ்சம் குடுங்க, அப்புறம் சொல்றேன்" என்றேன்.

அவர் கேள்வியில் தப்பில்லை. ஆனால் இந்தத் தளங்களை டெமோ பார்த்தும், இணையத்தில் கிடைக்கும் டிக் போட்ட அட்டவணைகளைப் பார்த்தும் ஒப்பிடவே முடியாது. டெமோவில் பத்து வரி டேட்டா, ஒரே ஆள், ஆபீஸ் வைஃபை. அதில் எதுதான் ஓடாது?

எக்ஸல் மோசம் என்று சொல்லவில்லை. எனக்கே அது இல்லாமல் ஒரு நாள் போகாது. வரி எண்ணிக்கைதான் பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள், அது சில இடங்களில் உண்மையும்கூட. 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா பாசிட்டிவ் முடிவுகள் கணக்கில் வராமல் போனதற்குக் காரணம் பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவம்தான். அதில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிதான் பிடிக்கும், மிச்சம் சத்தமில்லாமல் விழுந்துவிட்டது. இப்போதைய எக்ஸலில் 10,48,576 வரி, கூகுள் ஷீட்டில் 1 கோடி கட்டம். ஒரு பனியன் கம்பெனி அந்த எல்லையைத் தொடுவதற்குள் வேறு இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

எங்கே என்றால், ஒன்றுக்குப் பல. ஒரு ஆர்டருக்கு மூன்று கலர், ஒரு கலருக்கு நான்கு லாட் (ஒரே தடவையில் சாயம் போடும் துணித் தொகுதி), ஒரு லாட்டுக்குப் பல டி.சி. அந்த முதலாளியின் புத்தகத்தில் நான் பார்த்த ஒரு பக்கம்: 400 கிலோ டையிங்குக்குப் போயிருக்கிறது, திரும்பி வந்தது 180, 150, 52 என்று மூன்று தடவையாக. மீதி 18 கிலோ சாயம் போடும்போது குறையும் பிராசஸ் லாஸா, இல்லை இன்னும் டையிங்கிலேயே கிடக்கிறதா? எக்ஸலில் இதை ஒரே வரிசையில் எழுத முடியாது, அதனால் கட்டங்களை மெர்ஜ் பண்ணுவார்கள். மெர்ஜ் பண்ணிய நாளிலிருந்து ஃபில்டரும் போச்சு, கூட்டலும் போச்சு. ஜி.எஸ்.டி.யில் ஜாப் வொர்க்குக்கு, அதாவது வெளியே கூலிக்கு வேலை செய்து வாங்கப் போன சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு வைப்பார்கள் என்பதால், அந்த 18 கிலோ எங்கே என்பது வெறும் ஆர்வக் கோளாறு இல்லை. ஆர்டர் ஒரு அட்டவணை, லாட் ஒரு அட்டவணை, டி.சி. ஒரு அட்டவணை, நடுவில் ஒரு எண்ணால் முடிச்சு என்ற இந்த யோசனை எட்கர் காட் 1970-ல் எழுதியது. நான்கு தளங்களும் அதைத்தான் வேறு வேறு சட்டை போட்டு விற்கின்றன.

அதனால் என் முதல் சோதனை எப்போதும் இதுதான். உங்கள் கம்பெனியிலேயே மகா குழப்பமான டி.சி. ஒன்றை எடுங்கள். அடித்துத் திருத்தியது, பாதி திரும்பி வந்தது, எடை வித்தியாசம் இருப்பது. அதை ஒவ்வொரு தளத்திலும் ஏற்றிப் பாருங்கள்.

ஏர்டேபிளில் அரை மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். ஒரு அட்டவணையை இன்னொன்றோடு இணைப்பது இவ்வளவு சுலபமாக வேறெங்கும் எனக்கு அமையவில்லை, எக்ஸல் பழகிய மெர்ச்சண்டைசர் பெண்கள் நான் சொல்லிக்கொடுக்காமலே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் இலவசத் திட்டத்தில் ஒரு பேஸுக்கு, அதாவது ஒரு டேட்டாபேஸுக்கு, 1,000 பதிவுதான். தினமும் 40 டி.சி. வரி எழுதினால் 25 நாளில் தீர்ந்துவிடும். காசு கட்டும் முதல் திட்டத்தில் 50,000. இணையம் இல்லாத இடத்தில் ஓடாது. சாம்பிள் டிராக்கிங், பையர் அப்ரூவல் மாதிரி நான்கு பேர் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு இதைவிட நல்லது தெரியவில்லை. குடோனுக்கு வேண்டாம்.

ஸோகோ கிரியேட்டர் 2006-லிருந்து இருக்கிறது, நம் சென்னைக் கம்பெனிதான். டி.சி. மாதிரி மேலே ஒரு தலைப்பு, கீழே பத்து வரி என்று வரும் ஆவணத்துக்கு அதில் சப்ஃபார்ம் என்று ஒன்று உண்டு, புத்தகத்தில் எழுதுகிற மாதிரியே ஒரே திரையில் எழுதலாம். ரூபாயில் பில், ஜி.எஸ்.டி. நம்பரோடு வரும். கொஞ்சம் கஷ்டமான கணக்கு வந்தால் டெலூஜ் என்ற அவர்களுடைய சொந்த மொழியில் எழுத வேண்டும். மொழி எளிதுதான், ஆனால் அதில் எழுதியது ஸோகோவுக்கு வெளியே எங்கும் ஓடாது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆப்ஷீட்டை கூகுள் 2020 ஜனவரியில் வாங்கியது. ஏற்கெனவே இருக்கும் கூகுள் ஷீட்டின் மேலேயே ஆப் கட்டிவிடலாம், சிக்னல் இல்லாத ஷெட்டுக்குள் எழுதி வைத்து வெளியே வந்ததும் தானாக ஷீட்டில் ஏறி சிங்க் ஆகும். பத்துப் பேர் வரை இலவசமாகச் சோதிக்கலாம். பவர் ஆப்ஸைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கம்பெனி முழுக்க மைக்ரோசாஃப்ட் 365-ல் இருந்து, அந்த பாஸ்வேர்டுகள் யாருக்காவது நினைவும் இருந்தால் யோசிக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: சில வகை ஃபில்டர்களை அது டேட்டா இருக்கும் இடத்தில் ஓட்டாமல் முதல் 500 பதிவை மட்டும் இழுத்து வைத்துக்கொண்டு அதற்குள் தேடும், கூட்டி வைத்தாலும் 2,000 வரைதான். கட்டுகிறவருக்கு ஒரு மஞ்சள் முக்கோணம் தெரியும், பயன்படுத்துகிறவருக்கு ஒன்றும் தெரியாது. 2,001-வது டி.சி. இல்லவே இல்லை என்று நினைத்துக்கொள்வார்.

சரி, என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனிக்கு ஷீட்டின் மேல் உட்காரும் ஆப் ஒன்று கட்டினேன். அவசரத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் கொடுக்காமல், ஷீட்டின் வரி எண்ணையே அடையாளமாக விட்டுவிட்டேன். இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் கணக்குப்பிள்ளை "பழசு எதுக்கு" என்று ஷீட்டுக்குள் நேரே போய் ஆறு வரியை அழித்துவிட்டார். அதே நேரம் குடோன் தம்பியின் போனில் சிங்க் ஆகாத திருத்தங்கள் கிடந்தன. அவை வந்து இறங்கியபோது எல்லாம் ஆறு வரி தள்ளிப் போய் உட்கார்ந்தன. நேவி துணியின் எடை மெரூன் லாட்டில். டையிங் பில் வந்தபிறகுதான் தெரிந்தது. தளத்தின் மேல் குற்றமில்லை, தனி எண் கொடுங்கள் என்று அவர்களே சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள். நான் கேட்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை டி.சி. புத்தகத்தோடு உட்கார்ந்து சரி செய்தேன், பில் போடவில்லை.

இரண்டாவது சோதனையைத்தான் யாருமே செய்வதில்லை: யார் எந்த வரியைப் பார்க்கலாம். ஜாப் வொர்க் செய்பவர்களுக்கும் லாகின் கொடுத்துவிட்டால் அவர்களே ஸ்டேட்டஸ் போட்டுவிடுவார்கள் என்று முதலாளிகளுக்கு ஒரு ஆசை வரும், நல்ல ஆசைதான். ஆனால் ஒரு பிரிண்டிங் யூனிட்காரர் இன்னொரு யூனிட்டின் ரேட்டைப் பார்த்துவிட்டால் மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் பஞ்சாயத்துதான். திரையில் மறைப்பது வேறு, பூட்டுவது வேறு. ஆப்ஷீட்டில் ஸ்லைஸ் என்ற வடிகட்டிய பட்டியல் போட்டு ஒளித்தால் திரையில் தெரியாது, டேட்டா என்னவோ அவர் போனுக்குள் வந்து இறங்கியிருக்கும். செக்யூரிட்டி ஃபில்டர் போட்டால்தான் வராமலே இருக்கும். பவர் ஆப்ஸை மைக்ரோசாஃப்ட் 365-ன் பகிர்வு அட்டவணையான ஷேர்பாயின்ட் லிஸ்ட்டின் மேல் கட்டினால், ஆப்பில் மறைத்ததை அந்த லிஸ்ட்டுக்கு அனுமதி உள்ளவர் நேராகத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். ஏர்டேபிளிலும் பேஸுக்குள் விட்டவருக்கு எல்லா அட்டவணையும் திறந்துதான் இருக்கும், இன்டர்ஃபேஸ் என்ற தனித் திரையை மட்டும் கொடுத்து நிறுத்த வேண்டும். ஸோகோ கிரியேட்டரில் வெளியாட்களுக்கென்றே போர்ட்டல் என்ற தனி நுழைவாசல் இருக்கிறது, இந்த ஒரு காரணத்துக்காகவே பல இடங்களில் நான் அதைப் பரிந்துரைத்திருக்கிறேன்.

சோதிப்பதற்கு சர்ட்டிஃபிகேட் எல்லாம் வேண்டாம். ஜாப் வொர்க்காரர் லாகினில் உங்கள் போனில் நுழைந்து, அடுத்தவர் ரேட்டைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். தொழிலாளிகளின் ஆதார் போட்டோ, பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் இதே ஆப்பில் கொட்டி வைக்கிறார்கள் என்பதால் கூடுதலாகச் சொல்கிறேன்: 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். சின்னக் கம்பெனி மேல் அவ்வளவு விழப்போவதில்லை என்றே வைத்துக்கொள்வோம், தேவையில்லாத ஆதார் படம் எதற்கு?

விலையில் ஏமாறுவது ஆள் கணக்கில். இவை பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வாங்குபவை. ஆபீஸில் எட்டுப் பேர் என்று கணக்குப் போட்டு வாங்குவார்கள், அப்புறம் செக்கிங், கட்டிங், பேக்கிங் என்று முப்பது பேர் வருவார்கள், உடனே ஒரே லாகினை எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள். யார் எழுதியது என்று தெரியாத பதிவை வைத்து எந்தச் சண்டையையும் தீர்க்க முடியாது. எழுதுகிற ஆட்களை மட்டும் எண்ணுங்கள். பார்ப்பவர்களுக்கு வாட்ஸாப்பில் பி.டி.எஃப். போதும்.

இப்போது தளத்தை விட்டு வெளியே வரும் வழி. பெரிய கம்பெனி, அதனால் மூடமாட்டார்கள் என்று சொல்கிறவர்களுக்கு: கூகுளிடமே ஆப் மேக்கர் என்று ஒன்று இருந்தது. ஆப்ஷீட்டை வாங்கிய அதே 2020 ஜனவரியில் அதை மூடப்போவதாக அறிவித்து, 2021 ஜனவரி 19-ல் மூடினார்கள். மைக்ரோசாஃப்டின் ஆக்செஸ் வெப் ஆப்கள் 2018 ஏப்ரலில் ஷேர்பாயின்ட் ஆன்லைனிலிருந்து போயின. டாபிள் டிபி (Dabble DB) என்று அருமையான ஒரு தளம் இருந்தது, 2010-ல் ட்விட்டர் வாங்கியது, அடுத்த வருடமே இல்லை.

ஆகவே முதல் நாளிலேயே ஐம்பது பதிவு எழுதி, எக்ஸலில் திறக்கும் சி.எஸ்.வி. ஃபைலாக வெளியே எடுத்து, உங்கள் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்து "இதில் எந்த டி.சி. எந்த லாட்டுக்கு?" என்று கேளுங்கள். பெயரை வைத்து இணைத்திருந்தால் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒரே டையிங் யூனிட் ஒன்பது ஸ்பெல்லிங்கில் இருக்கும். உங்கள் சொந்த லாட் எண் இருந்தால் சொல்லிவிடுவார். படங்கள் தனிக் கதை. ஏர்டேபிளிலிருந்து வரும் சி.எஸ்.வி.யில் படத்துக்குப் பதில் ஒரு லிங்க்தான் இருக்கும், அது சில மணி நேரத்தில் செத்துவிடும். எழுதி வைத்த கணக்கு விதிகள் எந்தத் தளத்திலிருந்தும் கூட வராது. அதனால் பிராசஸ் லாஸ் எப்படிக் கணக்கிடுகிறோம் என்பதை ஒரு தாளில் சாதாரணத் தமிழில் எழுதி வைக்கச் சொல்வேன், அந்தத் தாளை எழுதும்போதுதான் மேனேஜருக்கும் முதலாளிக்கும் வேறு வேறு கணக்கு இருப்பதே தெரியவரும்.

பேஸ்ரோ, நோகோடிபி, கிரிஸ்ட் மாதிரி சொந்த சர்வரில் வைத்துக்கொள்ளும் தளங்களும் இருக்கின்றன, நன்றாகவே இருக்கின்றன. ஆனால் சொந்த சர்வர் என்பது மாடு வளர்ப்பது மாதிரி. பாலும் நமக்கு, சாணி அள்ளுவதும் நாமே. பேக்கப்பைத் திரும்ப ஏற்றிப் பார்க்கத் தெரிந்த ஆள் ஆபீஸில் இருந்தால் மட்டும் தொடுங்கள். டேலியை எடுத்துவிட்டு இதைப் போடலாமா என்ற கேள்விக்கு மட்டும் ஒரே வார்த்தையில் பதில்: வேண்டாம்.

அந்த முதலாளிக்குக் கடைசியில் ஸோகோ கிரியேட்டரில்தான் கட்டினோம், மெர்ச்சண்டைசிங் டீம் மட்டும் சாம்பிளுக்கு ஏர்டேபிள் வைத்துக்கொண்டது. ஆறு வாரம் டி.சி. புத்தகத்தையும் நிறுத்தாமல் எழுத வைத்தேன், "ரெண்டு வேலையாகுதுங்க" என்று குடோனில் முணுமுணுத்தார்கள். இரண்டாவது வாரம் ஒப்பிட்டபோது 11 பதிவு ஒத்துப்போகவில்லை. விசாரித்தால், குடோன் தம்பி சாயங்காலம் ஆபீஸுக்கு வந்து ஞாபகத்தில் இருந்ததை ஏற்றிக்கொண்டிருந்தார். டேப்லெட்டைத் தூக்கி எடை மெஷின் பக்கத்தில் மாட்டினோம். அடுத்த வாரம் இரண்டு. அந்த இரண்டிலும் தப்பு புத்தகத்தில் இருந்தது.