மைச்சிமிழ் என்றொரு பெண்

தமிழ் வேதாகமத்தில் யோபுவின் கதையைக் கடைசி வரை வாசிப்பவர்கள் 42-ஆம் அதிகாரத்தில் ஒரு பெயரில் தடுக்கி நிற்பார்கள்: கேரேனாப்புக். பாடெல்லாம் தீர்ந்த பிறகு யோபுவுக்குப் பிறந்த மூன்றாவது மகள். மூத்தவர்கள் எமீமாளும் கெத்சீயாளும். அந்த இரண்டு பெயர்களை ஜெமிமா, கெசியா என்று இன்றும் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். மூன்றாவதைச் சூட்டுபவர்கள் எந்த நாட்டிலும் அபூர்வம். பொருள் தெரிந்தால் அந்தத் தயக்கம் கொஞ்சம் குறையும் என்று நம்புகிறேன்.

எபிரேயத்தில் இது மூன்று துண்டு. 'கெரென்' என்றால் கொம்பு. 'ஹ' என்பது குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும் முன்னொட்டு. 'பூக்' என்றால் கண்ணுக்குத் தீட்டும் மை. சேர்த்துப் பார்த்தால் மை வைக்கும் கொம்பு. நம் வீட்டுச் சொல்லில் மைச்சிமிழ்.

சரி, நடுவில் 'ப்' எங்கிருந்து வந்தது? எபிரேயத்தில் 'ஹ' முன்னால் வந்து ஒட்டினால் அடுத்த மெய் பெரும்பாலும் இரட்டிக்கும்: ஹப்பூக். தமிழில் 'அ' என்ற சுட்டோடு 'பெண்' சேர்ந்தால் 'அப்பெண்' ஆகிறதே, அதே போக்கு. இரண்டும் வேறு வேறு மொழிக் குடும்பங்கள், இது தற்செயல்தான். ஆனாலும் முதல்முறை இதைக் கவனித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மைக்கு எதற்குக் கொம்பு? மாடு, ஆடுகளின் கொம்பில் உள்ளே எலும்பு, வெளியே கெரட்டின் உறை. நம் நகமும் அதே வகைப் புரதம்தான். ஊறவைத்தோ வேகவைத்தோ எலும்பைக் கழற்றிவிட்டால், நுனி மூடிய, நீர் கசியாத கலம் ஒன்று கையில் கிடைத்துவிடும். வாயை அடைக்க ஒரு மூடி போதும். தாவீதை அபிஷேகம் பண்ண சாமுவேல் எண்ணெய் கொண்டுபோனதும் கொம்பில்தான்.

பூக் எதனால் ஆனது என்பதுதான் சுவையான பகுதி. யேசபேல் ராணி சாவதற்குச் சற்று முன் கண்ணில் தீட்டிக்கொண்டதும் இதே பூக். கேரேனாப்புக் என்ற பெயரை லத்தீனில் பெயர்த்த ஜெரோம், 'ஸ்டிபியத்தின் கொம்பு' என்றே எழுதினார். ஸ்டிபியம் என்பது ஆன்டிமனித் தாதுவின் பழைய பெயர். ஆன்டிமனியின் குறியீடு இன்றும் எஸ்.பி. என்று இருப்பது அதனால்தான். நாம் அஞ்சனக்கல் என்பதும் அந்தத் தனிமத்தின் சல்பைடையே. ஆனால் எகிப்தியக் கல்லறைகளில் கிடைத்த மையைச் சோதித்தால் பெரும்பாலும் வருவது கலீனா, அதாவது ஈயச் சல்பைடு. இரண்டுமே பளபளக்கும் கருஞ்சாம்பல் கற்கள், அரைத்தால் ஒரே மாதிரி கறுப்பு. ஒரே பெயர் இரண்டின்மேலும் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் எகிப்திய மைக்குப்பிகளைப் பற்றி 1999-இல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. இயற்கையில் அரிதான ஈயக் குளோரைடு சேர்மங்கள் அந்த மையில் இருந்தன. எகிப்தியர்கள் அவற்றைச் செயற்கையாகத் தயாரித்துக் கலந்திருக்கிறார்கள். ஏறக்குறைய 4000 ஆண்டுகளுக்கு முந்தைய வேதியியல் அது! (ஈயம் நஞ்சு என்பதால் இதை இன்று யாரும் முயன்று பார்க்க வேண்டாம்.)

அதே அதிகாரம் யோபுவின் ஏழு மகன்களில் ஒருவர் பெயரையும் சொல்வதில்லை. மகள்கள் மூவரின் பெயரையும் சொல்லி, சகோதரர்களோடு அவர்களுக்கும் சொத்தில் பங்கு கிடைத்தது என்கிறது. அதனாலேயே இந்தப் பெயர்கள் எனக்குப் பிடிக்கும்.

பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் மட்டும் மை காணாமல் போய்விட்டது. அங்கே கேரேனாப்புக்கின் பெயர் 'அமால்தியாவின் கொம்பு'. குழந்தை சீயஸுக்குப் பால் கொடுத்த ஆடு அமால்தியா; அதன் கொம்பு கேட்டதையெல்லாம் கொட்டும் என்பது கிரேக்கக் கதை. மை எப்படி அமுதசுரபி ஆனது? அந்தக் காலத்து எபிரேயச் சுவடிகளில் உயிரொலிக் குறிகள் கிடையாது; அந்தப் புள்ளிகளைச் சேர்த்தது பல நூற்றாண்டுகள் கழித்து. புள்ளி இல்லாமல் பார்த்தால் 'ஹப்பூக்' என்பதற்கும் 'ஹபூக்' என்பதற்கும் ஒரே நான்கு எழுத்துதான். இரண்டாவதில் 'ப'வை ஆங்கில எஃப் போல உச்சரிக்க வேண்டும். பொருள் 'கவிழ்த்தது'. இஸ்ரேலில் இன்று பால் நிறைய விட்ட காப்பிக்கும் அதே சொல்தான். அந்த மொழிபெயர்ப்பாளர் 'கவிழ்த்த கொம்பு' என்று படித்திருப்பார், கவிழ்த்த கொம்பிலிருந்து என்ன கொட்டும் என்று யோசித்திருப்பார் என்பது என் ஊகம்.