வான்கோழி வேட்டைக்குத் துப்பாக்கியா? முதலில் காகிதத்தில் சுடுங்கள்

ஏப்ரல் நெருங்கினால் போதும், பென்சில்வேனியாவில் எங்கள் பட்டறைக் கவுண்டரில் ஒரே கேள்விதான்: "மூன்றரை அங்குலத் தோட்டா போடுகிற 12 கேஜ் எடுக்கட்டுமா?" கேஜ் என்பது குழலின் அகலத்தைச் சொல்லும் எண், எண் சின்னதானால் குழல் பெரிது. துப்பாக்கி பழுதுபார்ப்பது என் தொழில். வாரக்கடைசியில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பும் எடுக்கிறேன். ஆபீஸில் கூட வேலை செய்யும் அமெரிக்க நண்பர் கூப்பிட்டார் என்று வகுப்புக்கு வரும் நம்மூர்க்காரர்கள் இப்போது கூடிவிட்டார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் உடம்புக்குப் பொருந்தும் துப்பாக்கி, அடுத்து காகிதம், மிச்சமெல்லாம் அப்புறம். கடைகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும்.

வசந்தகால வேட்டையில் சுடுவது சேவலை. 8 முதல் 11 கிலோ வரை இருக்கும். வேட்டைக்காரர் தலை முதல் கால் வரை காட்டு நிற உடையில் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, பெட்டையின் குரலைப் பெட்டியிலோ வாயில் வைக்கும் ஊதியிலோ எழுப்பி அதை வரவழைக்கிறார். உடம்பில் சுட்டால், தோட்டாவிலிருந்து கூட்டமாகப் பறக்கும் சிறு மணிகளான ரவையை இறகும் மார்புச் சதையும் வாங்கிக்கொள்ளும். பறவை காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும். அதனால் குறி தலையும் கழுத்தும் மட்டும்தான். அந்த இடம் நம் மணிக்கட்டை விட ஒல்லி, அதுவும் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். பறக்கும் காடைக்கு ரவை விரிய வேண்டும், வான்கோழிக்குக் குவிய வேண்டும். இதற்கென்று தனித் துப்பாக்கி, குழல் முனையை இறுக்கி ரவையைக் குவிக்கும் தனி சோக் என்று சந்தை வளர்ந்ததற்குக் காரணம் இதுதான்.

மூன்றரை அங்குலத் தோட்டா 1988-ல் மாஸ்பெர்க் 835 என்ற துப்பாக்கியோடு வந்தது. அன்றைக்கு ரவை என்றால் பெரும்பாலும் ஈயம். அதிகத் தூரத்துக்கு அதிக ஈயம் வேண்டும் என்ற கணக்கு அப்போது சரியாக இருந்தது. இப்போது டங்ஸ்டன் ரவை அந்தக் கணக்கை மாற்றிவிட்டது. ஈயத்தின் அடர்த்தி 11 சொச்சம், இதற்கு 18. அடர்த்தி கூடியதால் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள 9-ஆம் நம்பர் டங்ஸ்டன் ரவையே 3 மில்லிமீட்டர் உள்ள 5-ஆம் நம்பர் ஈய ரவையின் வேலையைச் செய்துவிடுகிறது. ஒரு அவுன்ஸில் ஈயம் என்றால் சுமார் 170 மணி, டங்ஸ்டன் என்றால் 360. ஆகவே அப்பா காலத்துப் பெரிய 12 கேஜ் செய்ததை இன்று ஒரு சின்ன 20 கேஜ் செய்கிறது. விலைதான் கடி: ஒரு தோட்டாவே பத்து டாலரைத் தொடும், தாண்டவும் செய்யும்.

மூன்றரை அங்குலம் கேட்டு வருபவரிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் லேசான பம்ப் துப்பாக்கியில் அதைச் சுட்டால் தோள் மட்டுமல்ல, தாடையும் பேசும். இரண்டு தோட்டாவுக்குப் பிறகு விசையை அழுத்தும் முன்பே கண் தானாக மூடிக்கொள்ளும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் எந்த சோக்கும் காப்பாற்றாது. 20 கேஜோ, மூன்று அங்குலத் தோட்டா போடும் 12 கேஜோ போதும். 1950-லிருந்து வரும் ரெமிங்டன் 870 மாதிரி ஒரு பழைய பம்ப்பைக் குறைந்த விலைக்கு வாங்கி, மிச்சக் காசைத் தோட்டாவில் போடுங்கள்.

பொருத்தம் என்று நான் சொல்வது தோளில் ஊன்றும் பின்கட்டையின் நீளம். கடையில் நிற்கும் பெரும்பாலான துப்பாக்கிகளில் விசையிலிருந்து கட்டையின் அடிவரை 14 அங்குலம் அல்லது கொஞ்சம் அதிகம் இருக்கும். ஐந்தரை அடி ஆள் கோட்டும் போட்டுக்கொண்டு தரையில் குந்தி, முழங்கால் மேல் துப்பாக்கியைத் தாங்கும்போது அது நீளம்தான். கட்டை தோளில் சரியாக உட்காராது, கன்னமும் அதில் படியாது. ஆர்வத்தில் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள், ரவை பறவைக்கு மேலே போய்விடும். கட்டையைக் குட்டையாக்கிக் கொடுப்பது சின்ன வேலை. அதைச் செய்த பிறகு சிவப்புப் புள்ளிக் குறிகாட்டி மாட்டினால் முழுப் பலனும் கிடைக்கும்.

இனி காகிதம். அகலமான காகிதத்தில் 10 அங்குல வட்டம் போட்டு, நடுவில் புள்ளி வைத்து, 40 கெஜத்தில் நிறுத்துங்கள். பெஞ்சில் மணல்மூட்டை மேல் துப்பாக்கியை வைத்து, காதுக்கும் கண்ணுக்கும் காப்பு போட்டு, வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே தோட்டாவால் ஒரே ஒரு தடவை சுடுங்கள். வட்டத்துக்குள் 100 மணியாவது விழ வேண்டும் என்பது வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் பழைய அளவு. எண்ணுவதற்கு முன் தள்ளி நின்று பாருங்கள். புதுத் துப்பாக்கியிலேயே ரவைக்கூட்டம் புள்ளிக்கு இடதுபுறம் ஒரு சாண் தள்ளி விழுவதை அடிக்கடி பார்க்கிறேன். குறி பார்க்கக் குழல் முனையில் ஒற்றைக் குமிழ் மட்டும் உள்ள துப்பாக்கியில் இதை எளிதில் திருத்த முடியாது. சிவப்புப் புள்ளிக்குக் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது என்றால் இதற்காகத்தான்.

அடுத்து 10 கெஜத்தில் சுடுங்கள். இந்தக் காகிதத்தைத்தான் யாரும் சுடுவதில்லை. இறுக்கமான சோக்கில் ரவை முழுவதும் ஒரு கைப்பிடி அளவு ஓட்டையாகப் போயிருக்கும். கூப்பிட்ட குரலுக்கு மயங்கி நேராக மடியில் வந்து நிற்கும் பறவையைத் தவறவிடுவது இதனால்தான். 'எக்ஸ்ட்ரா ஃபுல்' என்ற மிக இறுக்கமான சோக்கை விட ஒரு படி தளர்ந்தது உங்கள் துப்பாக்கிக்கு நல்லதாகவே இருக்கலாம். ஈய ரவை அளவுக்கு மீறி நசுங்கினால் கூட்டம் கலைந்தும் போகும். எஃகு ரவையை இறுக்கமான சோக்கில் போடவே கூடாது, குழலே வீங்கிவிடும். சோக்கின் மேல் எந்த ரவைக்கு என்று பொறித்திருக்கிறார்கள், படியுங்கள்.

டங்ஸ்டன் வந்த பிறகு 60 கெஜத்தில் சுட்டேன் என்று பெருமையடிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. காட்டின் அரையிருட்டில் 45 கெஜமும் 60 கெஜமும் கண்ணுக்கு ஒன்றுதான். சின்ன ரவையும் 200 கெஜத்துக்கு மேல் போகும், பறவைக்குப் பின்னால் புதரில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாது.

வீட்டில் 12-ம் 20-ம் சேர்ந்து இருந்தால் ஒரு எச்சரிக்கை. 20 கேஜ் தோட்டா தவறி 12 கேஜில் விழுந்தால், தோட்டா உட்காரும் அறையைத் தாண்டிக் குழலுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். சுடவில்லையே என்று பார்த்தால் அறை காலியாகத் தெரியும். மேலே ஒரு 12 கேஜைப் போட்டு விசையை அழுத்தினால், இடது கை பிடித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் குழல் வெடிக்கும். அப்படி வெடித்த குழல் ஒன்று வகுப்பு மேசையில் கிடக்கும். அதன் உதடுகள் வெளிப்பக்கம் சுருண்டிருக்கும், உள்ளே மஞ்சள் பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருக்கும். 20 கேஜ் தோட்டாக்கள் மஞ்சளாக இருப்பதே இதற்காகத்தான். ஒரு சட்டைப் பையில் இரண்டையும் போடாதீர்கள்.

சேவலின் தலையில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உண்டு. அந்த நிறத்தில் கைக்குட்டைகூட வேண்டாம், காலுறையையும் பாருங்கள். சேவல் கூவும் திசையில் பதுங்கிப் போகாதீர்கள், அந்தக் கூவல் இன்னொரு வேட்டைக்காரர் எழுப்புவதாக இருக்கலாம். உங்களை நோக்கி ஒருவர் வந்தால் கை ஆட்டவோ வான்கோழிக் குரல் கொடுக்கவோ வேண்டாம். அசையாமல் இருந்து, சொந்தக் குரலில் உரக்கக் கத்துங்கள். சுட்ட பறவையை ஆரஞ்சுத் துணியில் சுற்றித்தான் காட்டை விட்டு வெளியே கொண்டுவர வேண்டும்.

குழலை வெட்டிக் குட்டையாக்கித் தரச் சொல்பவர்களும் வருகிறார்கள். 1934-ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டப்படி, பதிவில்லாமல் ஷாட்கன் குழல் 18 அங்குலத்துக்குக் கீழே போகக்கூடாது.

எச்-1பி மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. அவர்கள் துப்பாக்கி வைத்திருக்கவே கூட்டரசுச் சட்டம் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அந்தத் தடைக்கு உள்ள விலக்குகளில் ஒன்று. பென்சில்வேனியா உரிமம் ஜூன் 30-ஓடு முடிகிறது. மே மாதம் வேட்டை முடித்து அலமாரியில் பூட்டிவைத்த துப்பாக்கி, உரிமத்தைப் புதுப்பிக்காவிட்டால் ஜூலையில் குற்றமாகிவிடும். சீசன் முடிந்துவிட்டதே என்று விடாமல், ஜூன் முடிவதற்குள் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.