அலகு வைத்தால் மட்டும் பறவை ஆகிவிடாது

மனிதரைப் போல நடக்கும், பேசும் விலங்குப் பாத்திரங்களை நேசிப்பவர்கள்தான் ஃபர்ரிகள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் ஆன்த்ரோகான் என்ற மாநாட்டில் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். ஆளுக்கொரு விலங்கு உருவம். அதற்கு ஃபர்சோனா என்று பெயர். கேட்பவர்களுக்கு அந்த உருவங்களைக் காசு வாங்கிக்கொண்டு வரைந்து கொடுப்பது என் தொழில்.

எனக்கு ஓநாயும் நரியும்தான் அதிகம் வரும். பறவை எப்போதாவது வரும். நம் கை நான்கு கால் பிராணிகளுக்கே பழகியிருப்பதால், நாய் உடம்பில் அலகை ஒட்டியது போல ஆகிவிடுகிறது.

ஒரு வாடிக்கையாளர் கூகை கேட்டார். ஆந்தை என்றால் காது வேண்டுமே என்று தலையில் இரண்டு குஞ்சம் வைத்து அனுப்பினேன். கூகைக்கு அது கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொன்னது சரி. குஞ்சம் கொம்பன் ஆந்தைக்கு உண்டு, அதுவும் வெறும் இறகுதான். கூகையின் காதுகள் முக இறகுக்குள் மறைந்திருக்கின்றன, ஒன்று சற்று மேலே, மற்றது கீழே. ஓசையைக் குவித்து அவற்றுக்கு அனுப்பத்தான் அந்த இதய வடிவ முகம்.

அப்புறம் கண். ஆந்தையால் விழியை உருட்ட முடியாது. பக்கத்தில் பார்க்கத் தலையைத்தான் திருப்ப வேண்டும், 270 டிகிரி வரை திருப்பும். ஓரக்கண் பார்வை வரைந்தீர்களானால் அங்கே மனிதர்தான் தெரிவார். வெட்கத்தையும் சந்தேகத்தையும் கழுத்தின் சாய்விலேயே கொண்டுவந்து பாருங்கள், எவ்வளவு அழகாக வருகிறது!

இறக்கைதான் உண்மையான சிக்கல். பறவையின் இறக்கை அதன் கையேதான். நுனியிலுள்ள நீண்ட இறகுகள் உள்ளங்கை, விரல் எலும்புகளிலிருந்தும், அடுத்த வரிசை முன்கை எலும்பிலிருந்தும் கிளம்புகின்றன. ஐந்து விரலை வரைந்துவிட்டு முழங்கையில் மட்டும் இறகைத் தொங்கவிட்டால், பறக்க உதவும் இறகே காணாமல் போகிறது. விரல் வேண்டுமென்றால் வையுங்கள். ஃபர்சூட், அதாவது அந்த உருவத்தைப் போலத் தைத்த உடை, போடுபவர் தண்ணீர் பாட்டிலைப் பிடிக்க வேண்டுமே. ஆனால் நீண்ட இறகுகளைச் சுண்டுவிரல் பக்கத்து விளிம்பிலிருந்து கிளப்புங்கள். கையை மடக்கும்போது அவை முழங்கையைத் தாண்டிப் பின்னால் போய்ப் படியும்.

கால் பின்பக்கமாக மடங்குவது போலத் தெரியும் இடம் கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் இருக்கிறது.

முக்கியமான ஒன்று. ஃபர்சூட்டில் வைக்கலாமே என்று அமெரிக்காவில் இருப்பவர்கள் காட்டில் கிடக்கும் இறகை எடுத்துவிடாதீர்கள். கூகை உட்பட அந்நாட்டின் பெரும்பாலான காட்டுப் பறவைகளின் இறகை அனுமதியில்லாமல் வைத்திருப்பது 1918ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், தானாக உதிர்ந்ததாக இருந்தாலும். பறவைகளை இறகுக்காகக் கொன்று குவித்த காலத்தில் வந்த சட்டம் அது. அதற்குப் பதிலாக, எந்த வரிசை இறகு எவ்வளவு நீளம் என்று ரெஃபரன்ஸ் ஷீட்டின், அதாவது உருவத்தின் மாதிரிப் படத்தாளின், ஓரத்தில் குறித்துக் கொடுங்கள். சூட் தைப்பவர் ஃபெல்ட் துணியில் வெட்டிக்கொள்வார்.