சொல் விளக்கம்: பெரும் நெட்டுயிர்ப் பெயர்ச்சி

ஆங்கில மொழி வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் பலர் ஆங்கில நெடில்களின் ஒலிப்பு சில நூற்றாண்டுகளில் இடம்பெயர்ந்ததைக் குறிக்கும் 'கிரேட் வவல் ஷிப்ட்' என்பதை 'மாபெரும் உயிரெழுத்து மாற்றம்' என்றே பெயர்த்து வருகின்றனர். இத்தொடரில் 'எழுத்து' பிழை, 'மாற்றம்' போதாது.

டேனிய மொழியியலார் ஆட்டோ எஸ்பர்சன் 1909இல் வெளியிட்ட ஆங்கில இலக்கண நூலில் வழங்கிய பெயரே 'கிரேட் வவல் ஷிப்ட்'. 'வவல்' என்பதன் மூலம், குரலுக்குரியது எனப் பொருள்படும் 'வோக்காலிஸ்' என்னும் இலத்தீன் சொல்.

ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கில நெடில்கள் ஒவ்வொன்றாக நாவின் மேல்நிலை நோக்கி உயர்ந்தன. 'நாம' என ஒலித்த சொல் 'நேம்' ஆயிற்று; பற்களைக் குறித்த 'டேத்' 'டீத்' ஆயிற்று; வாத்தினப் பறவையைக் குறித்த 'கோஸ்' 'கூஸ்' ஆயிற்று. முன்பே உச்சியில் இருந்த ஈ, ஊ இரண்டும் மேலே செல்ல இடமின்றி, ஐ, ஔ போல ஈருயிர் இணைந்தொலிக்கும் கூட்டுயிர்களாயின. எலிகளைக் குறித்த 'மீஸ்' 'மைஸ்' என்றும் 'ஹூஸ்' 'ஹவுஸ்' என்றும் ஆனது இவ்வாறே. இதனிடையே, 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய பின், அச்சு நூல்கள் பெரும்பாலும் பழைய ஒலிப்புக்குரிய எழுத்துகளையே நிலைபெறச் செய்தன. ஒலி நகர, எழுத்து நின்றுவிட்டது என்பதே இந்நிகழ்வின் உயிர்நாடி. எழுத்து மாறியதென்று சொல்லும் பெயர் மாணவருக்கு நேர்மாறானதைக் கற்பிக்கிறது. நன்னூலார் ஒலியையே எழுத்தென்றார் என மறுப்போர் உண்டு. அது மெய்யே, ஆனால் இன்றைய வாசகர் 'எழுத்து' என்றதும் வரிவடிவத்தையே எண்ணுகிறார், மொழிபெயர்ப்பாளரும் அகராதியில் கண்டதை எடுத்தாள்கிறாரே தவிர நன்னூலை நினைந்து எழுதவில்லை.

'திரிபு' என்பாரும் உளர். அது நம் இலக்கணத்தில் புணர்ச்சிக்கு உரியது. நூற்றாண்டுக் கணக்கில் நிகழ்ந்ததற்கு ஒவ்வாது. கோள்கள் ஓர் இராசியிலிருந்து அடுத்ததற்குச் செல்வதைப் பெயர்ச்சி என்கிறோமே, அச்சொல்லே இங்குப் பொருந்தும். ஒரு நெடில் முன்பு மற்றொன்று இருந்த இடத்துக்குச் சென்றது. இவ்விடத்தொடர்பை ஆஸ்திரிய அறிஞர் கார்ல் லூயிக் வட இங்கிலாந்து வழக்கைக்கொண்டு விளக்கினார்: அங்கு ஓகாரம் மேலே உயராமல் வாயின் முன்பகுதிக்கு நகர்ந்ததால், ஊகாரத்தைத் தள்ளுவாரில்லை, அது கூட்டுயிராகவுமில்லை; அவ்வாறே ஸ்காட்லாந்து வழக்கிலும் வீடு இன்றும் 'ஹூஸ்' தான். 'மாற்றம்' என்ற பொதுச்சொல்லால் இதனை உணர்த்த இயலாது.

குறில்கள் பெரும்பாலும் இப்பெயர்ச்சிக்கு உட்படவில்லை. ஆங்கிலப் பெயர் உணர்த்தாத இவ்வரம்பை, குறில் நெடில் பாகுபாட்டில் தேர்ந்த தமிழ் 'நெட்டுயிர்' என ஒரே சொல்லில் உணர்த்திவிடும். அவ்வசதியைக் கைவிட்டு 'உயிர்' என நிறுத்துவானேன்? ஆங்கில மொழி வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் கூட்டுயிரைக் 'கூட்டெழுத்து' என்பதும் திருத்தப்பட வேண்டியதே. அப்பெயர் கிரந்தம் போன்றவற்றில் இணைத்தெழுதும் வரிவடிவங்களுக்கு உரியது.