வாந்தி வந்தால் இரைப்பை பேண்ட் வேலை செய்கிறது என்று யார் சொன்னது?

இந்த வருடத்தில் இது நான்காவது கேஸ். எச்சில்கூட இறங்காமல், துப்புவதற்குக் கையில் ஒரு டம்ளரோடு வந்து உட்கார்ந்தார் அந்த அம்மா. வயது 44. வெளிநாட்டில் இருந்தபோது எடை குறைய இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி பேண்ட் என்கிற சிலிக்கான் பட்டை வைத்துக்கொண்டவர். அதற்குள் சலைன் (உப்புநீர்) ஏற்றினால் இறுகும், எடுத்தால் தளரும். “சாப்பிட்டா எதிர்த்து வரும் டாக்டர், பேண்ட் நல்லா வேலை செய்யுதுன்னு நினைச்சேன்” என்றார். எட்டு மாதமாக அப்படித்தானாம். கடைசி ஐந்து நாளில் இரண்டு இடங்களில் வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பேண்ட் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

எக்ஸ்ரேயில் பேண்ட் இடது தோளைப் பார்த்துச் சாய்வாக இருக்க வேண்டும். இவருக்குப் பலகை மாதிரி படுத்துக் கிடந்தது. நழுவிவிட்டது. பேண்டோடு குழாயால் இணைந்து தோலுக்கு அடியில் இருக்கும் போர்ட்டில் ஊசி குத்தி சலைனை முழுக்க இழுத்தோம், 7 மில்லி. பத்து நிமிடத்தில் அரை டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அழுதார். மறுநாள் பேண்டை எடுத்தோம்.

பேண்ட் சோற்றை மறிக்கும் அணை இல்லை. பசியை அடக்கத்தான் அது. சரியான இறுக்கத்தில், நன்றாக மென்ற ஒரு வாய் சோறு ஒரு நிமிடத்துக்குள் கீழே போய்விடும். எதிர்த்து வந்தால் ஒன்று அவசரமாகச் சாப்பிடுகிறீர்கள், அல்லது பேண்ட் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. ஒவ்வொரு ஓங்கரிப்பும் கீழ் இரைப்பையை பேண்டுக்குள் மேலே தள்ளுகிறது, நழுவுவது அப்படித்தான். இதில் இன்னொரு கூத்து: இறுக்கம் அதிகமானால் சப்பாத்தி இறங்காது, ஐஸ்கிரீம் இறங்கும். எடை ஏறும். உடனே “இன்னும் கொஞ்சம் டைட் பண்ணுங்க டாக்டர்” என்று வருவார்கள். அங்கே செய்ய வேண்டியது தளர்த்துவது!

பேண்ட் வைக்கும் சர்ஜன்கள் ஒரு சிலருக்கு: இரைப்பையை ஒட்டியே வழி எடுத்த காலத்தில் பின்பக்கம் நழுவல் அதிகம். பார்ஸ் ஃப்ளாசிடா (இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய சவ்வு) வழிக்கு மாறிய பிறகு அது வெகுவாகக் குறைந்தது. பேண்ட் நழுவாமல் இரைப்பையை அதன் மேல் மடித்துப் போடும் முன்பக்கத் தையலைச் சோம்பலில் விடாதீர்கள், அதற்காக பேண்டின் பூட்டின் மேலேயே தைத்தும் வைக்காதீர்கள். அரித்து உள்ளே போகும். ஹையேட்டஸ் ஹெர்னியா (உதரவிதானத் துளை வழியாக இரைப்பை நெஞ்சுக்குள் ஏறுவது) கண்ணில் பட்டால் அப்போதே சரிசெய்யுங்கள்.

இரவு டியூட்டி டாக்டர்களுக்கு: பேண்ட் வைத்தவர் வாந்தியோடு வந்தால் முதலில் சலைனை எடுங்கள். போர்ட்டைக் கெடுக்காத ஹூபர் ஊசி இருந்தால் நல்லது; இல்லையென்றால் சாதாரண ஊசியால் எடுங்கள், உயிருக்கு ஆபத்தான நேரத்தில் போர்ட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எடுத்த பிறகும் வலி குறையவில்லையா, இரைப்பை அழுகுகிறதோ என்று சந்தேகப்பட்டு சர்ஜனைக் கூப்பிடுங்கள். பல நாள் வாந்தி என்றால் குளுக்கோஸுக்கு முன்னால் வைட்டமின் பி1. இதைக்கூட எழுத வேண்டியிருக்கிறது.

பேண்ட் வைத்தவர்களே, பேண்டின் பெயரும் உள்ளே இருக்கும் சலைன் அளவும் எழுதிய சீட்டை பர்ஸில் வையுங்கள். சிகரெட்டை விடுங்கள். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். வைத்துச் சில வருடம் கழித்து போர்ட் மேல் தோல் சிவந்தால் அதைக் கட்டி என்று நினைத்து மஞ்சள் பூசாதீர்கள். பேண்ட் இரைப்பைக்குள் அரித்திருக்கலாம், எண்டோஸ்கோப்பி தேவை.

அப்புறம், படுத்தவுடன் இருமல், காலையில் தலையணை ஈரம் என்றால் அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்காதீர்கள், தயவுசெய்து. போன் செய்துவிட்டு வாருங்கள். அரை மில்லி சலைன் எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.